ஒட்டாமல் வைத்த விலை

அந்தத் தெருவில் எந்தக் கடையில் எது விலை ஏறப்போகிறது என்பது முதலில் பிரஸ் அக்காவுக்குத்தான் தெரியும். கடைக்காரரின் மனைவிக்குக்கூட அதற்கு அப்புறம்தான்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த அவளுடைய அச்சுக்கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்கவேண்டும். உள்ளே ஒரு பிரிண்டர், தாள் வெட்டும் மெஷின், அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போடும் மெஷின், இரண்டு முக்காலிகள். இரண்டாவது முக்காலியில் உட்கார்ந்து தாள் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணை, அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளேதான் அனுப்பிவைத்தாள். "இங்கயே இருந்தா நீயும் நானும் ஆளுக்குப் பாதியா ஈ ஓட்டணும்டி, போ" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டேதான் போனாள். முக்காலியை மட்டும் ஓரமாகத் தூக்கிப் போட முடியவில்லை. அதன்மேல் தாள்கட்டு வைக்கவும் மனம் வரவில்லை. யாரோ தண்ணீர் குடிக்க எழுந்துபோயிருப்பதுபோல அது அப்படியே கிடந்தது.

அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு எல்லாம் செல்போனுக்குள் போய்விட்ட பிறகு அவளுக்கு மிஞ்சிய தொழில் விலைதான். கடைகளின் விலைப் பலகை, மெனு அட்டை, அலமாரி விளிம்பில் செருகும் சீட்டு. விலை மாறும்போதெல்லாம் பலகை முழுவதையும் மாற்ற யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பழைய விலையின்மேல் ஒட்டிக்கொள்ள நக அளவில் வெள்ளை ஸ்டிக்கர் அடித்துக் கொடுப்பாள். எழுத்தின் பருமனும் உயரமும் பலகையோடு இம்மி பிசகாமல் பொருந்தவேண்டும். ஒட்டியது தெரிந்தால் வாங்க வருகிறவனின் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும்.

இந்த வேலையில் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு கடையின் விலையை இன்னொரு கடைக்குச் சொல்லமாட்டாள். யாராவது உள்ளே நுழைந்தால் கையிலிருக்கும் தாள் தானாகக் கவிழ்ந்துவிடும். பிழையாக வந்த தாளைக்கூட நான்காகக் கிழித்துத்தான் கூடையில் போடுவாள். இப்படி இருக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்டதில்லை. ஆனால் தெருவுக்கே தெரியும். நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இதைவிடப் பெரிய பிரஸ் இருந்தும் எல்லோரும் இவளிடம் வந்தது அதனால்தான்.

நாடு கடனில் முழுகிக்கொண்டிருக்கிறது என்று டிவி சொல்ல ஆரம்பித்த பிறகு அவளுக்கு வேலை கூடியது. அது அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஊரார் வயிற்றில் புளியைக் கரைக்கிற செய்தி ஒன்று வரும். மறுநாள் அவள் கடை வாசலில் ஆள் நிற்கும். சாவு வீட்டுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வான் என்று அப்போதெல்லாம் யோசித்திருக்கிறாள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வந்தார்கள். முதலில் இருமுவார்கள். பிறகு, வீட்டில் நடந்த அசிங்கத்தைச் சொல்வதுபோலக் குரலைத் தணித்துப் புது விலையைச் சொல்வார்கள். தாளை வாங்கிப் பத்திரப்படுத்திய பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல ஒரு கேள்வி.

"வேற யாராச்சும் ஏத்திட்டாங்களாக்கா?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் அடிக்கிறதோட சரி."

சலூன்காரர் கேட்டார். லாண்டரிக்காரர் கேட்டார். தெருவுக்கே அண்ணியான ரொட்டிக்கடை அண்ணி, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். பதில் வராது என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தாள். "உன்கிட்ட கேக்கிறதும் சாமிகிட்ட கேக்கிறதும் ஒண்ணு. நல்லாக் காது குடுத்துக் கேக்கும், வாயைத் திறக்காது."

எதிரே காபிக்கடை வைத்திருந்த தம்பி ஒருவன்தான் கேட்டதில்லை. நாற்பது வயதிருக்கும், கடையில் அவன் ஒரே ஆள். கூட்டம் ஓய்ந்த முற்பகலில் அவளுக்கு ஒரு கிளாஸ் காபியோடு தெருவைத் தாண்டி வருவான். முக்காலியில் உட்காரமாட்டான், அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே பேசுவான்.

"பால்காரன் ஏத்திட்டான், சர்க்கரை ஏறிடுச்சு, கேஸ் ஏறிடுச்சு. நான் ஒருத்தன்தான்க்கா இறங்கிக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு கிளாஸ்லயும் என் கைக்காசையும் சேத்துக் கரைச்சுக் குடுக்கிறேன்."

"ஏத்திட வேண்டியதுதானே தம்பி?"

"ஏத்தணும். நீங்க அடிச்சுக் குடுங்க, நாளைக்கே ஒட்டிடறேன்."

அவள் அடித்துக் கொடுத்தாள். அவன் ஒட்டவில்லை.

முதலில் அவளுக்கு இது உறைக்கவில்லை. காலையில் வீட்டிலிருந்து நடந்து வரும்போது ஒவ்வொரு கடைப் பலகையையும் பார்த்துக்கொண்டே வருவது அவள் பழக்கம். தன் எழுத்து வெயிலில் வெளுத்திருக்கிறதா, மூலை பெயர்ந்திருக்கிறதா என்று கண் தானாகத் தேடும். காபிக்கடையில் பழைய விலை. சலூனில் பழைய விலை. லாண்டரியில், ரொட்டிக்கடையில், எங்கும் பழைய விலை. மறந்திருப்பார்கள் என்று நினைத்தாள். அடுத்த மாதம் சலூன்காரர் திரும்ப வந்து இன்னும் கூடுதலான ஒரு விலையைச் சொன்னார்.

"போன தடவை வாங்கிட்டுப் போனது என்னாச்சுண்ணே?"

"அது இழுப்பறையில இருக்கும்மா. ஒட்டலாம் ஒட்டலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அந்த விலையும் கட்டாமப் போச்சு." கண்ணாடியில் தன் தலையைத் தானே பார்ப்பவர்போல மெஷினின் பளபளப்பில் முகத்தைப் பார்த்துக்கொண்டார். "முதல்ல ஏத்தினவன் பேராசைக்காரன்னு பேர் வாங்குவான். ரெண்டாவதா ஏத்தினவனைப் பாத்துத்தான் பாவம்னு சொல்லுவாங்க. நான் ரெண்டாவது ஆளா ஏத்திக்கிறேன், என்ன அவசரம்."

தெருவில் எல்லோரும் இரண்டாவது ஆளாக இருக்கக் காத்திருந்தார்கள். எல்லோர் இழுப்பறையிலும் அவள் அடித்த தாள் இருந்தது. ஆனால் யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியாது. எதிர்க்கடைக்காரன் எப்படியோ தாக்குப்பிடிக்கிறான், தனக்குத்தான் சூட்சுமம் பிடிபடவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு காலையில் ஷட்டரைத் தூக்கினார்கள். அத்தனை பேருடைய பயமும் ஆளுக்கொரு தாளாக அவள் ஒருத்தியிடம் வந்து சேர்ந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் டிவி ஓடிக்கொண்டிருக்கும். ஆபீசில் ஆள் குறைத்தபோது அவள் கணவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் நாட்டின் பொருளாதாரத்தைக் கவனித்துக்கொள்கிறார். எந்த நிபுணர் எந்தச் சேனலில் எப்போது வருவார் என்பது அவருக்கு மனப்பாடம்.

"இந்த நாட்டுல இன்னிக்குப் பொறக்கிற குழந்தை ஒவ்வொண்ணு தலையிலயும் எவ்வளவு கடன் தெரியுமா?"

"என் தலையில இருக்கிறதே எனக்குத் தெரியல. பொறக்காததுங்க கணக்கு எனக்கெதுக்குங்க?"

"சிரி, சிரி. சிரிக்கிற காலமா இது? வட்டி கட்டுறதுக்கே கடன் வாங்குறாங்க. உருப்படுமா?"

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். போன மாதம் அவளும் அதைத்தான் செய்திருந்தாள். தாள் வாங்கிய பாக்கியை அடைக்க வேறு ஓர் இடத்தில் கைமாற்று. அவருக்குச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை, சொல்ல ஓர் இடைவெளி கிடைக்கவில்லை.

"என்னங்க, கடையில..."

அவர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். இவர் சொல்றதை மட்டும் கேட்டுக்கிறேன்."

விளம்பரம் வந்ததும் திரும்பினார். "என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லை. சாப்பாடு ஆறுது."

அவர்மேல் கோபம் வரவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். தட்டை வைத்துவிட்டு அவரைப் பக்கவாட்டில் பார்த்தாள். வேலை போன நாளிலிருந்து அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பயப்படுவதற்கு நாட்டின் கடன் அவருக்கு வசதியாக இருந்தது. அது கோடிக்கணக்கானவர்களுடையது, அதற்காகத் திட்ட ஆள் இருந்தது, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட அதைப் பற்றிப் பேச யாரோ கோட்டு போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அவளுடைய கடை அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. அதற்கு நிபுணர் கிடையாது.

தாள் வியாபாரி இப்போதெல்லாம் காலையிலேயே போன் செய்தார்.

"அக்கா, இன்னிக்கு விலை இது. சாயங்காலம் வரைக்கும்தான் பேச்சு. நாளைக்குக் கேட்டா நாளைக்கு விலை."

"ஏன் தம்பி, தாள் என்ன மீனா, பொழுது சாயறதுக்குள்ள நாறிப்போக?"

"தாள் நாறாதுக்கா. நம்ம பணம்தான் நாறுது."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். வைத்த பிறகு சிரிப்பு முகத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

அவளுக்கும் ஒரு விலைப் பலகை உண்டு. ஸ்டிக்கர் தாள் ஒன்றுக்கு இவ்வளவு, அட்டைக்கு இவ்வளவு, போர்டுக்கு இவ்வளவு. வாசல் நிலைக்கு மேலே, தெருவைப் பார்த்து மாட்டியிருந்தது. தாள் வெட்டும் பெண் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அடித்தது. அதில் ஓர் எழுத்து மாறவில்லை. ஊருக்கெல்லாம் புது விலை அடித்துக் கொடுத்தவள் பழைய விலைக்கே அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ரொட்டிக்கடைத் தாளின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் தனக்கும் மூன்று ஸ்டிக்கர் அடித்தாள். வெட்டி எடுத்துக் கைப்பையில் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள். இன்றைக்கு ஒட்டிவிடலாம் என்று தினமும் கடையைத் திறந்தாள். தினமும் ஏதோ ஒன்று. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்றைக்கு மருந்துக்கடையிலிருந்து பெரிய ஆர்டர் வருகிறது, வருகிறவன் கண்ணில் முதலில் இது படவேண்டாம்.

மற்றவர்களுக்காவது அந்தக் கேள்வியைக் கேட்க அவள் இருந்தாள். வேற யாராச்சும் ஏத்திட்டாங்களா என்று அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? கேட்கத் தேவையும் இல்லை. பதில் அவளுக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம், ஆள் வராத நேரத்தில், வேறு ஒரு நினைப்பும் வந்தது. இவர்கள் ஒட்டாமல் இருக்கும்வரை மாதாமாதம் புதுத் தாள் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். இழுப்பறைகள் நிறைய நிறைய அவளுக்கு வேலை இருக்கும். வாயைத் திறக்காமல் இருப்பது வெறும் கட்டுப்பாடுதானா? அந்த நினைப்பை அவள் சட்டென்று கவிழ்த்து வைத்தாள், யாரோ உள்ளே நுழைந்துவிட்டதுபோல.

காபிக்கடைத் தம்பி ஒரு நாள் முற்பகலில் கிளாஸ் இல்லாமல் வந்தான்.

"அக்கா, ஒரு போர்டு வேணும். பெரிய எழுத்துல ஒரே வரி. கடை வாடகைக்கு. கீழ ஓனர் நம்பர்."

"யாரு கடை?"

"என் கடைதான்." முக்காலியில் ஊன்றிய கையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மாசக் கடைசியோட முடிச்சுக்கலாம்னு இருக்கேன். மச்சான் லாரி செட்டுக்குக் கூப்பிடறான். லோடு ஏத்துறதைப் பாத்துக்கணுமாம். ஒரே ஊர்ல இல்லாம சுத்தணும், அவ்வளவுதான்."

"ஸ்டிக்கர் ஒட்டிப் பாத்தியா?"

"எங்கக்கா ஒட்டுறது? மூணு தாள் கிடக்கு. இழுப்பறையைத் திறக்கவே பயமா இருக்கு."

"ஒட்டினா என்ன ஆயிடும்?"

"பக்கத்துல ரொட்டிக்கடையில பழைய விலை. சலூன்ல பழைய விலை. பஸ்ஸுக்கு நிக்கிறவன் என்னை மட்டும்தான் பாப்பான். போன வருஷம் ஏத்தினப்பவே ஒருத்தன் கேட்டான், நாட்டுக்குக் கடன் வந்தா உனக்குக் கொண்டாட்டமாடான்னு. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. எல்லாரும் சமாளிக்கிறாங்கக்கா. எனக்குத்தான் சாமர்த்தியம் போதலை. வீட்ல அவளும் அதான் சொல்றா. வாயால சொல்லலை, ஆனா சொல்றா."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடை வாடகைக்கு. இரண்டு வார்த்தை. எழுத்தைப் பெரிதாக்கினாள். பிரிண்டர் சூடாகும் சத்தம் கேட்டது. ரொட்டிக்கடை அண்ணியிடமும் மூணு தாள் இருக்கு தம்பி, சலூன்காரர்கிட்ட நாலு. இதைச் சொல்லிவிடலாம். சொன்னால் இவன் இருந்துவிடுவான். சொன்னால், கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசிய அத்தனை பேரையும் அவள் நடுத்தெருவில் நிறுத்தியதாகும். நாளைக்கு இவனும் நினைப்பான், என் கதையை யாரிடம் சொல்லியிருப்பாளோ என்று. அதற்குப் பிறகு இந்தத் தெருவில் பயத்தைச் சொல்வதற்குக்கூட ஓர் இடம் இருக்காது.

போர்டு வெளியே வந்தது. எழுத்து நன்றாகத்தான் வந்திருந்தது. அவள் அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு கைப்பையைத் திறந்தாள். கண்ணாடிக் கூட்டிலிருந்து அந்த மூன்று ஸ்டிக்கரையும் எடுத்தாள். இரண்டாவது முக்காலியை இழுத்து வாசலில் போட்டாள்.

"இதைக் கொஞ்சம் ஆடாமப் பிடி தம்பி."

"எதுக்குக்கா? சொன்னா நான் ஏறமாட்டேனா?"

"பிடி."

முட்டி நோக ஏறி நின்றாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் ஸ்டிக்கரின் முதுகுத்தாளை உரிக்க நகம் வழுக்கியது. எத்தனையோ கடைகளுக்கு நேராக ஒட்டக் கற்றுக்கொடுத்த கைக்கு இப்போது நேர்க்கோடு பிடிபடவில்லை. ஒட்டி முடித்துப் பார்த்தபோது மூன்றும் கோணலாக இருந்தன. பழைய விலை ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

கீழிருந்து அவன் வாய்விட்டுப் படித்தான். படித்துவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தான்.

"நீங்களாக்கா முதல்ல?"

"யாராவது ஒருத்தர் கெட்ட பேர் வாங்கணும்ல."

"ஒட்டினது அப்படியே தெரியுதே."

"தெரியட்டும்."

இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "உன் போர்டு ரெடி. புது விலைதான் உனக்கும். கட்டுமா?"

அவன் முக்காலியைத் தூக்கி உள்ளே வைத்தான். பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "கட்டாது போலிருக்கேக்கா. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்." தெருவைத் தாண்டும்போது இருமுறை திரும்பிப் பார்த்தான், அவளை இல்லை, பலகையை.

அன்று பிற்பகல் சலூன்காரர் வாசல்வரை வந்து, நின்று, படித்து, உள்ளே வராமலே போனார். மருந்துக்கடையிலிருந்து போன் வந்தது. "உங்களுக்குமா கட்டலைக்கா?" என்றது குரல். அந்த 'உங்களுக்குமா'வை அவள் எதிர்பார்க்கவில்லை. மருந்துக்கடை வேலை இனி பெரிய பிரஸ்ஸுக்குப் போகும் என்று மரியாதையாகவே சொன்னார்கள். இருந்ததிலேயே பெரிய வாடிக்கை அதுதான். அவளும் மரியாதையாகவே சரி என்றாள். போனை வைத்த பிறகு செய்ய வேலை இல்லாமல், சுத்தமாக இருந்த மெஷினை மறுபடி துடைத்தாள்.

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் செருப்போடு நடுக்கூடத்தில் நின்று சொன்னாள். "இன்னிக்கு நான் விலை ஏத்திட்டேங்க."

"அதைத்தான் இவரும் சொல்றார்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லாம் ஏறும்னு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோட்டு போட்டவர் கையை விரித்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கீழே எண்கள் ஓடின. கணவரின் கை சோபாவில், அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். எப்போதிருந்து என்று கேட்க நினைத்தாள். விளம்பரம் வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் தெருவில் ஒன்றும் மாறவில்லை. அதற்கு மறுநாளும். காபிக்கடைத் தம்பி போர்டை வாங்க வரவில்லை, காபியும் வரவில்லை. கவிழ்த்து வைத்த போர்டு மெஷினுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. தான் செய்தது வீண் என்று அவள் முடிவுகட்டிக்கொண்ட ஒரு காலையில், நடந்து வரும்போது லாண்டரிப் பலகையில் கண் நின்றது. சட்டைக்குப் புது விலை. மூலை மடியாமல், கோடு பிசகாமல் ஒட்டியிருந்தார். வேறு யார் பார்த்தாலும் ஆரம்பத்திலிருந்தே அந்த விலைதான் என்று நினைப்பார்கள். ரொட்டிக்கடையிலும் எல்லா வரிசையும் மாறியிருந்தது. அண்ணி உள்ளே தலையை நிமிர்த்தாமல் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

காபிக்கடையில் அவன் நாற்காலிமேல் ஏறி நின்றான், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் திரும்பவில்லை. அவள் பஸ்ஸுக்கு நிற்பவள்போலக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்து, பிறகு உள்ளேயே போட்டாள்.

அன்று முற்பகல் கிளாஸோடு வந்தான். முகத்தில் சவரம் செய்த பளபளப்பு.

"பாத்தீங்களாக்கா? எல்லாரும் ஏத்திட்டாங்க! ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க, மத்தவங்க குடிச்சிட்டுப் போயிட்டாங்க. மச்சானுக்குப் போன் பண்ணி, அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்லிட்டேன். அந்த போர்டைக் கிழிச்சிடுங்க." கையை முக்காலியில் ஊன்றினான். "அவங்களுக்கும் இவ்வளவு நாளா கட்டலைன்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. நான் ஒருத்தன்தான்னு கிடந்து செத்துக்கிட்டிருந்தேன்." சட்டென்று நிறுத்தி அவளைக் கூர்ந்து பார்த்தான். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் கை தானாகவே மேசைக்குப் போயிருந்தது. அங்கே அப்போதுதான் அடித்த வேறொரு 'கடை வாடகைக்கு' போர்டு இருந்தது. சலூன்காரர் காலையில் கடை திறந்ததும் வந்து, இருமி, தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனது. வாடகையை இனி வெளிநாட்டுப் பணத்தில் கணக்குப் போட்டுத் தரவேண்டும் என்று கட்டட முதலாளி சொல்லிவிட்டாராம். முடி வெட்டி அதைக் கட்ட முடியாது என்றார். எந்த விலை ஒட்டினாலும் முடியாது என்றார். யார்கிட்டயும் சொல்லிடாதம்மா என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

அவள் அதைக் கவிழ்த்தாள்.

"எனக்கென்ன தம்பி தெரியும்? நான் அடிக்கிறதோட சரி."

அவன் சிரித்துக்கொண்டே தெருவைத் தாண்டிப் போனான். அவள் காபியை எடுத்தாள். ஆறியிருந்தது. புது விலைக் காபி, சர்க்கரை கொஞ்சம் குறைவாக இருந்தது. முக்காலியைப் பார்த்தபடி அதைக் கடைசிவரை குடித்தாள்.